மிச்சமிருந்த கேஸ்

வால்வைத் திறந்தான். குழாய் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

பெரிய சிலிண்டர் தலைகீழாகத் தொங்கியது. அதைச் சுற்றி வெந்நீரில் நனைத்த சாக்கு. சின்ன சிலிண்டர் கீழே, ஐஸ் போட்ட வாளிக்குள். சூட்டுப் பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குக் கேஸ் தானாக இறங்கும். வீட்டுக்குப் பின்னால் இந்தக் கொட்டகையில் எத்தனையோ தடவை இறக்கியிருக்கிறான்.

சின்னதைத் தூக்கித் துடைத்துத் தராசில் வைத்தான்.

ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்குள் அவன் மனைவி ஆவுடைத்தங்கம் ஐஸ் பெட்டியில் கிடந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் போனவள். காலையில் வாடகைக்கு எடுத்துவந்த பெட்டி மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. குழாயில் ஊசி முனையளவு ஓட்டை. பெட்டியைக் குளிரவைக்கிற கேஸ் எல்லாம் போய்விட்டது. பெட்டிக்காரர் கையைப் பிசைந்தார். வேறு பெட்டி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. தென்காசி வரைக்கும் கேட்டாயிற்று, கேஸ் விற்கிற கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

அவன் பிரிட்ஜ் மெக்கானிக். ஓட்டையை அவனே பற்றவைத்து அடைத்தான். அவள் கால்மாட்டில் குத்தவைத்து, வந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்க, கையில் நெருப்போடு.

அந்த நேரம் மட்டும் பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

மகள் கோமதி மஸ்கட்டில் இருந்தாள். நாளைக் காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"அம்மா முகத்தை அப்படியே வச்சிருக்கேன் தாயி. நீ பதறாம வா."

போனில் அப்படிச் சொல்லிவிட்டான்.

கொட்டகையில் மூன்று பழைய சிலிண்டர்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

முதலாவது, இப்போது தராசில் பார்த்தது, வெறும் இரும்பு.

இரண்டாவதை மாட்டினான். இரண்டு மூச்சு விட்டது. நின்றது.

வாளியைப் பார்த்தான். ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது.

மிச்ச ஐஸ் முழுவதும் அவளைச் சுற்றித்தான் இருந்தது. மீன் கடையில் கெஞ்சி வாங்கி, உடைத்து, பெட்டிக்குள் விலாவோடு சேர்த்து அடுக்கிய துண்டுகள்.

வாளியோடு உள்ளே போனான். கண்ணாடி மூடியைத் தூக்கினான். இடுப்புப் பக்கத்திலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தான். சேலை நனைந்து ஒட்டியிருந்தது. இழுத்துச் சரிசெய்தான்.

"என்னடே பண்ணுத?" அவன் அண்ணன் எழுந்து வந்தார். "உள்ள குளிர்ச்சியும் போயிரும். பேசாம இருட்டுறதுக்குள்ள காரியத்தை முடிச்சிருவோம். இதுக்கு மேல வச்சா அவளுக்குத்தான் கேவலம்."

அவன் மூடியை இறக்கினான். வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

வெந்நீர் ஊற்றுவது எப்போதும் ஆவுடைதான். அடுப்பில் குழம்பு கிடக்கிறது, துணி நனைகிறது என்று சலித்துக்கொள்வாள். போதும் என்று அவன் சொல்லும்வரை நிறுத்தமாட்டாள்.

இன்று ஒரு கை வால்வில் இருந்தது. மறு கையால் அவனே ஊற்றினான். புறங்கையில் பட்டு வெந்தது. ஊற்றினான்.

மூன்றாவது சிலிண்டர்.

இரும்பில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

இறங்கு. இறங்கிரு. உன்னைக் கும்பிடுதேன்.

யாரைக் கும்பிடுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

உள்ளங்கைக்குக் கீழே குழாய் சில்லிட்டது. வெளிப்புறம் முத்துமுத்தாக வியர்த்தது. உள்ளே ஏதோ ஓடும் சத்தம், மிக மெல்லியதாக.

தராசில் வைத்தான். பெட்டி முழுக்க நிரப்பக் காணாது.

ஆனால் காலைவரை ஓட்டிவிடலாம்.

பெட்டிக்குக் கேஸ் ஏற்றி சுவிட்சைப் போட்டான். உறுமியது. நடுங்கியது. பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. யாரோ ஒரு பெண் "ஏ ஆத்தா" என்று மறுபடி ஒப்பாரியை எடுத்தாள்.

அவன் கண்ணாடியில் கையை வைத்து நின்றான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லக் குளிர்ந்தது.

போன் அடித்தது. கொட்டகைக்குப் போய் எடுத்தான்.

"அப்பா."

கோமதி அழுதுகொண்டிருந்தாள்.

"மொதலாளி வீட்டுல பாஸ்போர்ட்டைத் தரமாட்டேங்காங்கப்பா. காலைப் பிடிச்சுப் பார்த்துட்டேன். என்னால வர முடியாது. எனக்காக வைக்க வேண்டாம். அம்மாவை எடுத்திருங்க."

"சரி தாயி" என்றான். "அழாத."

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"கோமதியா? என்ன சொல்லுதா?"

கண்ணாடிக்குள் ஆவுடையின் முகத்தில் கசிந்திருந்த ஈரம் வற்றியிருந்தது. தூங்கி எழப்போகிறவள் போல இருந்தாள்.

"ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாளாம்" என்றான்.

நாற்காலி ஒன்றை இழுத்துப் பெட்டியோரமாகப் போட்டு உட்கார்ந்தான்.