நாற்பதுக்கு ஆறு

"நாற்பதுக்கு ஆறு," என்றான் அவன், கையிலிருந்த தையல் சாக்கட்டியைக் கீழே வைத்தபடி.

அவள் தலை நிமிரவில்லை. "இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க."

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"நேத்து?"

"எட்டு."

சொல்லிவிட்டு, மெஷின் மேல் கிடந்த பாதி தைத்த சட்டையைக் கையில் எடுத்தான். ஒன்றும் செய்யத் தோன்றாமல் அப்படியே திரும்ப வைத்தான்.

தையல் கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் அவர்கள் வீடு. பகலெல்லாம் அவளுக்குப் பல் கிளினிக்கில் வேலை. டாக்டரம்மா பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலைக் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். நின்று நின்று இடுப்பு விட்டுப்போகும். சாயங்காலம் வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, துணி வெட்டும் மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். குழாய் பிடித்தது போதும், நானே பல் டாக்டர் ஆகிறேன் என்று கிளம்பியவள். அதற்கு முதலில், பாடத்தோடு புதிர்க் கணக்குகளும் கேட்கிற பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் தேற வேண்டும்.

கேள்வித்தாள் தயாரிப்பது அவன் பொறுப்பு. மூன்று தடித்த கைடுகளிலிருந்து கத்தரிக்கோலால் கேள்விகளை வெட்டி, ஒரு தாளில் ஒட்டித் தருவான். அவள் எழுதி முடித்ததும், கைடின் பின்பக்கத்து விடைகளைப் பார்த்துத் திருத்துவான். கேள்வியில் ஒரு வரிகூட அவனுக்குப் புரியாது. ஆனால் காஜா எடுக்கிற கவனத்தோடு டிக் அடிப்பான்.

ஆரம்பத்தில் முப்பதுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம், "டாக்டரே, வாயைக் கொஞ்சம் திறங்க, டீ ஊத்தறேன்" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பான். பிறகு இருபதுகளுக்கு வந்தாள். பிறகு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அல்லாடினாள். படிக்கப் படிக்க மார்க் இறங்கியது. கேள்விகள் எல்லாம் எங்கேயோ பார்த்தவை போலத்தான் இருந்தன. இருந்தும் விடை வரவில்லை. அதுதான் அவளை இன்னும் அதிகமாக உறுத்தியது.

இப்போது இரண்டு நாளாக அவன் சீண்டுவதையும் விட்டுவிட்டான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நாளைக்குக் காலையில டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லணும்," என்றாள். "பரீட்சைக்கு லீவு வேணுமா, இல்லை புதுசாத் திறக்கிற கிளினிக்கைப் பார்த்துக்கிறியான்னு கேட்டாங்க. லீவு போட்டா அந்த வேலைக்கு வேற ஆள் வெச்சுடுவாங்க."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்க என்ன இருக்கு? அதான் ஆறு வாங்கியிருக்கேனே." தாளைப் புரட்டினாள். "இங்க பாருங்க. ஒரு கட்டையைச் சுத்தி பெயின்ட் அடிச்சு, அதைத் துண்டு துண்டா வெட்டினா, எத்தனை துண்டுல ரெண்டு பக்கம் பெயின்ட் இருக்கும்? இது தெரிஞ்சாத்தான் பல்லைப் புடுங்க முடியுமா?"

"கேட்டு வெச்சிருக்காங்களே."

"அதுக்கடுத்தது, காகிதத்தை மூணா மடிச்சு ஓட்டை போட்டா, பிரிச்சா எத்தனை ஓட்டை? நம்ம டாக்டரம்மா இதுவரைக்கும் ஒரு காகிதத்தைக்கூட மடிச்சு நான் பார்த்ததில்லை. வெச்ச இடத்துலயே விட்டுட்டுப் போவாங்க. மடிக்கிறது நான்தான்."

வேறு ஒரு நாளாயிருந்தால் அவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று தரையில் சிதறிக் கிடந்த நூல் துணுக்குகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இவனுக்கும் நம்பிக்கை போய்விட்டது. சொல்லத்தான் மனசு வரவில்லை.

"விட்டுடறேங்க," என்றாள். "ஒருத்தருக்கு எது வரும், எது வராதுன்னு ஒரு கணக்கு இருக்கில்ல? எனக்குக் குழாய் பிடிக்கத்தான் வரும். நாளைக்குப் போய்ப் புது கிளினிக்கை ஒத்துக்கிறேன். நீங்களும் இனிமே சாயங்காலத்துல உருப்படியா நாலு சட்டை தைக்கலாம்."

அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். "நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளாத் தொண்டையிலயே நிக்குது."

"தெரியும். சொல்லிடுங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்."

"கோபப்படக் கூடாது."

"எனக்குக் கோபப்படத் தெம்பு ஏது? படிப்பு வரலை, விட்டுடுன்னுதானே?"

"அதில்லைம்மா." அளவு தப்பாக வெட்டிய துணியோடு வாடிக்கையாளர் முன்னால் நிற்பவனைப் போல அவன் நெளிந்தான். "கஷ்டமானதா மட்டும் பார்த்துக் குடுங்கன்னு முதல் நாளே சொன்னே. எது கஷ்டம்னு எனக்கு எங்கே தெரியும்? அதனால நீ சரியாப் போட்டதை எல்லாம் அன்னன்னைக்கே குப்பையில போட்டுட்டு, தப்பாப் போட்டதை மட்டும் சேர்த்து வெச்சு, அதையே இடம் மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டு வந்தேன்."

அவள் ஒரு கைடை இழுத்துப் புரட்டினாள்; பக்கமெல்லாம் வெட்டிய ஓட்டைகள்.

"மூணு கைடும் காலியாயிடுச்சும்மா. மொத்தத்துல மிஞ்சினதே இன்னைக்குக் குடுத்த இந்த நாற்பதுதான், அதுலயும் நீ ஆறைச் சரியாப் போட்டுட்டே. நாளைக்கு நாற்பது கேள்விக்கு நான் எங்கே போவேன்?"