சுவரில் ஏறிய ஒரிஜினல்

காலிங்பெல்லில் வைத்த விரலைத் தம்பிக்காரன் எடுக்கவே இல்லை. அண்ணி கதவைத் திறந்ததுதான் தாமதம், விடுவிடுவென்று ஹாலுக்குள் போய், தோளில் தொங்கிய பேஸ் கிட்டாரை உறையோடு சோபாவில் வீசினான்.

“எங்க உங்க வீட்டுக்காரர்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும் அண்ணி.”

முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு வந்து நின்றான் அண்ணன். “என்னடா, ரெக்கார்டிங் இல்லையா?”

“இருந்துச்சு. துரத்தி விட்டுட்டாங்க. எல்லாம் நீ என் தலையில கட்டின இந்த டூப்ளிகேட்டால.”

நடந்தது இதுதான். மெல்லிய கம்பியின் நடுவில் ஒரு சுரத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார் இசையமைப்பாளர். அப்பா அந்த இடத்தில் விரலே வைக்க மாட்டார், அதே சுரத்தைப் பக்கத்துக் கம்பியில்தான் பிடிப்பார். பார்த்துப் பார்த்துப் பழகிய தம்பியும் அப்படியே வாசித்து வந்தவன். இன்று வேறு வழியில்லாமல் விரலை வைத்தான். சுரம் பிறந்ததும் செத்தது. எத்தனை தடவை வாசித்தாலும் அதே கதைதான். கடைசியில் வேறு ஆளை வரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா இருந்தவரை அவருடைய பழைய கிட்டாரை ஒருத்தரையும் தொட விட்டதில்லை. அவர் போன பிறகு அண்ணன் அதைக் கம்பெனிக்கு அனுப்பி, கீறலுக்குக் கீறல் அச்சு அசலாக இன்னொன்று செய்ய வைத்தான். ஒன்று சுவரில் ஏறியது, இன்னொன்று தம்பி கைக்கு வந்தது. “ஊர் ஊரா தூக்கிட்டு அலையற நீ. உனக்குப் புதுசுதான் தாங்கும்” என்று அப்போது சமாதானம் சொன்னான்.

“அப்பா கிட்டார் எனக்கு வேணும். வாசிக்கிறவன் நான். நீ அதைத் துடைச்சு அழகு பாத்துட்டு இருக்க.”

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “மாமாவோட பைக்கும் வாட்ச்சும்கூட உங்ககிட்டதான் வந்துச்சு தம்பி. எங்க இப்ப அதெல்லாம்?”

“நீ சும்மா இரு” என்று அவளை அடக்கினான் அண்ணன்.

“அது வேற, இது வேற அண்ணி. இது எங்கப்பா கை.” தம்பிக்குக் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் கத்தினான். “ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னியே, இப்பக் கேளு.”

சுவரில் இருந்ததை இறக்கி, அதே இடத்தில் விரலை வைத்து மீட்டினான். சுரம் கணீரென்று எழும்பி, ஹால் முழுக்க நின்றது.

“கேட்டியா? இதுதான் ஒரிஜினல். இப்பச் செய்யறவன் பெயின்ட்டைச் சுரண்டிப் பழசாக்கிடுவான். இந்த நாதத்துக்கு எங்க போவான்?”

அண்ணன் முகத்திலிருந்த நுரை காய்ந்துகொண்டிருந்தது. “சரி, அதையே எடுத்துட்டுப் போ” என்றான்.

தம்பிக்கு நம்ப முடியவில்லை. இத்தனை சுலபமாகக் கொடுக்கிறவன் இத்தனை நாள் ஏன் படுத்தினான்?

“ஆனா உன்னோடதை இங்க வெச்சுட்டுப் போ.”

அவ்வளவுதான், தம்பிக்குச் சுர்ரென்று ஏறியது.

“எதுக்கு? இதையும் மாட்டிவெச்சு, எங்கப்பா வாசிச்சதுன்னு வர்றவன் போறவன்கிட்ட பீத்திக்கவா? ஒரு சுரம் வாசிக்கத் தெரியாத உனக்கு ரெண்டு கேக்குதா?”

சோபாவில் கிடந்ததை உறையிலிருந்து உருவினான்.

“டேய், வேணாம்டா. கீழ வை. சொன்னாக் கேளு.” அண்ணன் ஓடி வருவதற்குள் அது தரையில் மோதியது. கழுத்து முறிந்து, கம்பிகள் அறுந்து, மரச் சில்லுகள் அண்ணியின் காலடி வரை தெறித்தன.

“இனிமே எங்கப்பா பேர்ல ஒரு டூப்ளிகேட்டும் இருக்கக் கூடாது.”

அண்ணன் அடிப்பான் என்று எதிர்பார்த்து விறைத்துக்கொண்டு நின்றான் தம்பி. அண்ணன் அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்தான்.

“ஒரிஜினல்னு தெரிஞ்சா இதையும் வித்துருவியோன்னுதான்டா மறைச்சேன்.”