ஒரு மணி பத்து நிமிடம்

வேக வரம்பில்லாத அந்த நெடுஞ்சாலையில் வேகமானி முள் இருநூற்றுப் பத்தைத் தாண்டியது. சில்கே கதவுக் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். வலப்பக்கத் தடத்தில் போன லாரிகள் நின்றுகொண்டிருப்பவை போலப் பின்னால் நழுவின.

"மூச்சு விடு சில்கே," என்று சிரித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஹைகோ. "என் பொண்டாட்டிக்கு லிஃப்ட்ல ஏறினாலே வயித்தைக் கலக்கும், சார்."

பின்சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க ஒடுங்கியிருந்த ஹோல்கரும் சிரித்தார். வண்டி அவருடையது. பதினோரு வருடம் பழசு, ஆறு சிலிண்டர். முட்டி தேய்ந்துபோய் அதில் ஏறி இறங்க முடியாததால் விற்கிறார். ஆனாலும் ஓட்டிப் பார்க்கக்கூட அதைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே தொற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"தினமும் ஓட்டவா தம்பி, இல்லை ஞாயித்துக்கிழமை சுத்தவா?"

"தினமும்தான். ப்ளாவென்ல இருந்து நியூரன்பெர்க். வேலைக்கு."

"நூத்தம்பது கிலோமீட்டர் ஆச்சே!"

"அதுக்குத்தானே சார் இந்த மாதிரி வண்டி."

எப்படியாவது அவனை இதை வாங்கவிடாமல் செய்ய வேண்டும் என்றிருந்தது சில்கேக்கு. அதற்காக மூன்று வாரமாக இந்த எஞ்சினின் நோய்நொடிகளையெல்லாம் இணையத்தில் தேடித் தேடிப் படித்து வைத்திருந்தாள்.

"இந்த எஞ்சின்ல டைமிங் செயின் அறுந்துடுமாமே?" என்று பின்னால் திரும்பிக் கேட்டாள். "அறுந்தா அதோட எஞ்சினே போச்சாம்."

"போன வருஷம்தாம்மா மாத்தினேன். பில் வீட்டுல இருக்கு."

"பெட்ரோல் பதினாலு லிட்டர் குடிக்குமே?"

"டவுனுக்குள்ள குடிக்கும். ஹைவேயில சீரா போனா பத்துதான்."

"பனிக்காலத்துல? வழியில ஹோஃப் மேட்டுல ஜனவரியில சறுக்குமே?"

"நாலு சக்கரமும் இழுக்கும்மா. பனி டயர் ஒரு செட் கொட்டகையில கிடக்கு, சும்மாவே எடுத்துக்குங்க."

ஹைகோ விசிலடித்தான். "பாத்தீங்களா சார், மெக்கானிக் தோத்தான். நான்கூட இவ்வளவு படிக்கலை."

"கொடுத்து வச்சவர் தம்பி நீங்க. என் வீட்டுக்காரி கலர் நல்லாருக்கான்னு மட்டும்தான் கேட்டா. இவங்க உங்க உயிருக்கு எப்படித் துடிக்கிறாங்க!"

ஹைகோ ஒரு கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தான்.

"ரெண்டு கையாலயும் ஓட்டு," என்றாள் சில்கே. முகம் வெளுத்திருந்தது.

முள் இருநூற்று முப்பதைத் தொட்டது. எஞ்சினின் உறுமல் இருக்கை வழியே முதுகெலும்பில் ஏறியது. ஹோல்கர் முன்னால் எட்டிப் பார்த்தார்.

"பக்கத்துல உக்காந்து வர்றவங்க எல்லாரும் முள்ளைப் பாத்துதான் அலறுவாங்க. நீங்க என்னம்மா, கடிகாரத்தையே பாத்துட்டு வர்றீங்க?"

நெடுஞ்சாலையில் ஏறும்போது பத்து இருபது. ஹோஃப் என்ற பலகை தலைக்கு மேல் வந்தபோது பத்து முப்பத்தொன்று. நியூரன்பெர்க் வரை மிச்சத் தூரத்துக்கும் சேர்த்து சில்கே மனத்துக்குள் கணக்குப் போட்டாள். மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம். இன்னொரு முறை போட்டாள். அதேதான் வந்தது.

திரும்பி வரும்போது கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள்.

"லோட்டேக்கு அஞ்சு வயசுதான் ஆகுது, ஹைகோ. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? ரயில்தான் இருக்கே. இப்ப மாதிரியே ரயில்லயே போயேன்."

"எத்தனை தடவை சொல்றது?" என்றான் ஹைகோ, மெதுவாக.

சில்கே சட்டென்று கதவோரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

ஹோல்கரின் வீட்டு முற்றத்தில் லோட்டே அவர் மனைவி கொடுத்த பிளம் கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். ஹைகோ வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். டயரை உதைத்துப் பார்த்தான். செயின் மாற்றிய பில்லைப் படித்தான். பிறகு கையை நீட்டினான். ஹோல்கர் அதைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்பந்தத் தாளை எஞ்சின் மூடியின் மேலேயே விரித்து இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சில்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் நடுக்கம் போகலையா பாவம்," என்று ஹோல்கரின் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சில்கே வாங்கிக் குடித்தாள். பாதி சட்டையில் சிந்தியது.

ஹைகோ மகளைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். "அப்பாவோட புது வண்டி. பிடிச்சிருக்கா?"

லோட்டே அம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"நியூரன்பெர்க்ல எடுத்திருக்கிற ரூமைக் காலி பண்றேன், கண்ணு. இனிமே வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு காத்திருக்க வேணாம். தினமும் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்துடுவேன்."

"அதிர்ஷ்டக்காரக் குழந்தை," என்றாள் ஹோல்கரின் மனைவி, உருகிப்போய்.

டயர்களை எடுத்து வர ஆண்கள் இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். காலி டம்ளரோடு ஹோல்கரின் மனைவியும் வீட்டுக்குள் போனாள். லோட்டே இருக்கையிலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்தாள். கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மாவின் காதருகே எம்பினாள்.

"அப்போ இனிமே தினமும் நான் அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கணுமாம்மா?"