பிரசங்கத்துக்கு முன்

"மூணு மாசம்! போதகர் பொண்ணே மூணு மாசமா சர்ச் வாசலை மிதிக்கலைன்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மத்தவங்களை வாங்கன்னு கூப்பிடறது?"

போதகர் அங்கியின் பொத்தானைத் தப்பான ஓட்டையில் திணித்தபடி கத்தினார். ஆலயத்தின் பின்சுவரோடு ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறையில் கோபப்படுவதற்கு வசதி அதிகம். சுவர் தடிமன், கதவு கனம், போதாததற்கு ஜன்னலில் லாரி மாதிரி இரையும் பழைய ஏ.சி. உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஈ காக்காய்க்குக் கேட்காது. ஆலயத்துக்குள் பாடகர் குழு பாடிக்கொண்டிருந்த பாட்டே இங்கே முணுமுணுப்பாகத்தான் வந்தது.

மகள் இரவு டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு நேரே வந்திருந்தாள். மேஜை மேலிருந்த காலர் மைக்கைக் கையில் எடுத்தாள்.

"திரும்புங்கப்பா."

போதகருக்கு மனசு கொஞ்சம் இளகியது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு மைக் மாட்டிவிடுவது அவள்தான். அவள் வராத இந்த மூன்று மாதமும் அவரே ஏனோதானோவென்று மாட்டிக்கொண்டு, தும்மலையும் இருமலையும் சபை முழுவதற்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். அவள் மைக்கைக் காலரில் குத்தி, வயரை அங்கிக்குள் விட்டு, மைக்கின் சின்னப் பெட்டியை முதுகுப் பக்கம் பெல்ட்டில் செருகினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"வந்து உன் இடத்துல உக்காரு, போதும். இல்லேன்னா உன் பேரைச் சபையிலேருந்து நீக்கியாச்சுன்னு இன்னைக்குச் சபைச் செயலாளர் எல்லார் முன்னாடியும் அறிவிச்சிடுவார். மூணு மாசம் வராதவங்களுக்கு அதான் விதி."

"யார் போட்ட விதி?"

"அவர் போட்டதுதான். யார் போட்டா என்ன?"

"வீட்டுல ஜெபம் பண்றேன். ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கறவங்க கையைப் பிடிச்சிக்கிட்டு ஜெபம் பண்றேன். அங்கெல்லாம் வர்ற ஆண்டவர், நான் இங்க வரலைன்னா கோவிச்சிக்குவாரா?"

"விதண்டாவாதம் பேசாதே! அவங்கவங்க வீட்டுல உக்காந்து ஜெபம் பண்ணா போதும்னா சபைன்னு ஒண்ணு எதுக்கு? ஒருத்தர் கஷ்டத்துக்கு இன்னொருத்தர் தோள் கொடுக்கத்தான் கூடி வர்றோம்."

"எனக்கு யார் தோள் கொடுத்தாங்க?"

போதகருக்குச் சுருக்கென்றது. மகள் விலகிப் போகாமல் எதிரிலேயே நின்று அவர் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பாட்டுப் பயிற்சி முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் என் கையைப் பிடிச்சு இழுத்தது யாருப்பா?"

"அதை எதுக்கு இப்பக் கிளறறே?"

"சொல்லுங்க. யாரு?"

"செயலாளர்! போதுமா? தெரியாத மாதிரி கேக்கறா."

வெளியே பாட்டு பாதியில் நின்றது. வழக்கம்போல யாரோ சுருதி தவறிவிட்டார்கள் என்று போதகர் எரிச்சல்பட்டார். அவருக்கு அன்று எல்லாவற்றின் மேலும் எரிச்சல்.

"நான் சொன்னதை நம்பினீங்களா?"

"நம்பாம? அந்த ஆளே இதோ இந்த நாற்காலியில உக்காந்து ஒத்துக்கிட்டாரே! 'புத்தி கெட்டுப்போச்சு ஐயா, வெளிய விட்டுடாதீங்க'ன்னு அழுதாரே!"

"அதே ஆள்தான் இப்போ நான் ஒழுக்கம் கெட்டவ, அதான் சபைக்கு வர மூஞ்சியில்லைன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டுத் திரியறாரு."

"பச்சைப் பொய்! எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே நீங்க!"

"எப்படித் திறக்கிறது?" போதகர் மேஜையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "சபையில பாதிப் பேர் அவருக்குச் சொந்தக்காரங்க. நான் ஒரு வார்த்தை பேசினா அடுத்த வாரமே மூட்டை கட்ட வெச்சிடுவார். வேலை போகும், இருக்கற வீடு போகும். உனக்கும் சேர்த்துத்தான் பயப்படறேன்!"

"எனக்காகப் பயப்பட வேண்டாம்ப்பா." அவள் குரல் நடுங்கியது. அது அழுகை இல்லை, ஆத்திரம். "திருவிருந்துல அப்பம் வாங்க நான் அவர் பக்கத்துல முழங்கால் போடணும். அவருக்குக் கொடுத்த அதே கையால எனக்கும் கொடுப்பீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஆசீர்வாதம் சொல்லுவீங்க. அதுக்குத்தானே என்னைக் கூப்பிடறீங்க?"

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது போதகருக்குக் கைவந்த கலை. "இங்க பேசினது இந்த அறையோட இருக்கட்டும்! வாயை மூடிக்கிட்டு வந்து உக்காரு!"

மகள் அவர் காலரிலிருந்த மைக்கை ஒருமுறை நேராக்கினாள்.

"சரிப்பா. வரேன்."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. நெற்றி வியர்வையைத் துடைத்து, தப்பாகப் போட்ட பொத்தானைச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமைக்கான புன்னகையை முகத்தில் வரவழைத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வாம்மா" என்றார்.

"வாம்மா" என்று ஆலயத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியும் முழங்கின.

சபை மொத்தமும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒருவர்கூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் முதல் வரிசையில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த செயலாளர் மேலேயே இருந்தன.

மகள் போதகரின் முதுகுப் பக்கம் கையை விட்டுப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். "இப்ப அணைச்சிட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, நேரே நடந்துபோய், மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்த தன் இடத்தில் உட்கார்ந்தாள்.