மஞ்சள் கோட்டுச் சண்டை

"நாற்காலியை உங்க நாட்டுக்குள்ள இழுத்துக்கங்க சார்! முன்கால் ரெண்டும் எங்க எல்லையில நிக்குது!"

"அப்ப நாற்காலிக்கும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்றீங்களாம்மா?"

எல்லைச் சாவடியின் கூடத்தை நடுவே பிளந்து ஓடியது ஒரு மஞ்சள் கோடு. இப்பால் மேசையில், வெளியேறுவோர்க்கு முத்திரை குத்தும் பெண் அதிகாரி. அப்பால் மேசையில், உள்நுழைவோர்க்கு முத்திரை குத்தும் அண்டை நாட்டு அதிகாரி. கார்காலத்து இடியும் அதன் எதிரொலியும் போல இருவர் குரலும் கூரையில் மோதிக்கொண்டிருந்தன.

வரிசையின் முன்னால் ஒரு பெண் தன் தங்கையோடு நின்றாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே: அருகில் 'மாமா' இல்லாத ஒரு நிமிடமும், செவிகொடுத்துக் கேட்க ஒரு மனிதரும்.

தையற்கடையில் வேலை என்று சொல்லி அவளையும் தங்கையையும் அழைத்து வந்தவன் அவன். பேருந்தில் அவள் உறங்குவதாக எண்ணிக் கைபேசியில் அவன் பேசிய பேரம் முழுவதும் அவள் காதில் விழுந்துவிட்டது. அங்கே காத்திருந்தது தையற்கடை அன்று. வெளிப்புறம் பூட்டப்படும் ஒரு வீடு. அவள் விழித்திருந்ததை உணர்ந்த கணம் முதல் அவன் தங்கையின் மணிக்கட்டை விடவே இல்லை.

"கேட்டா தாய்மாமன்னு சொல்லணும். வேற ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, இந்தக் கை யார்கிட்ட இருக்குன்னு பாத்துக்க."

"எங்கம்மா போறீங்க?" என்று பெண் அதிகாரி அவளிடம் கேட்டாள்.

"என் அக்கா பொண்ணுங்க மேடம். தையல் வேலைக்குப் போறாங்க," என்று அவனே முந்திக்கொண்டான்.

"உங்களையா கேட்டேன்?"

"அவங்களை நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க?" என்று அப்பாலிருந்து பாய்ந்தது குரல். "வர்றது எங்க நாட்டுக்கு. விசாரிக்கிறது என் வேலை!"

"கோட்டைத் தாண்டினாத்தான் உங்க வேலை. அதுவரைக்கும் பேசாம மசியைத் தொட்டுக்கிட்டு உக்காருங்க."

"மசியைப் பத்தி நீங்க பேசறீங்களா? நீங்க முத்திரை குத்தினா பாஸ்போர்ட்டுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு!"

வரிசை கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தான்.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்," என்று அவள் காதருகே குனிந்தான். "இந்தச் சாவடியைப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் சுத்தி வந்தேன். இதுங்க அடிச்சுக்கிட்டு நிக்கும்போது யானையையே ஓட்டிட்டுப் போயிடலாம்."

அவள் கண்கள் நிறைந்தன. ஒரு நாற்காலிக்கு இடம்விட ஒப்பாத இவர்களா தன் தங்கைக்காகக் கைகோக்கப் போகிறார்கள்? எந்தத் தெய்வத்தின் திருவடியைப் பற்றுவதென்று தெளியாமல், எல்லாத் தெய்வங்களின் அடிகளையும் ஒருங்கே பற்றிக்கொண்டாள்.

மத்தியஸ்தம் செய்யும் தோரணையில் மாமா மூன்று பாஸ்போர்ட்டுகளையும் நீட்டியபடி கோட்டுக்கு அப்பால் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"சார், நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க. சின்ன விஷயத்துக்குப் போய்..."

"வந்துட்டார்!" என்று துள்ளி எழுந்தார் அண்டை நாட்டு அதிகாரி. "எங்க மண்ணுல கால் வச்சுட்டார்! இவரை நான்தான் விசாரிப்பேன்!"

"அப்படியா? பொண்ணுங்க இன்னும் எங்க மண்ணுலதான் நிக்கிறாங்க! நீங்க ரெண்டு பேரும் என் அறைக்கு வாங்கம்மா! யாரு முத்திரை குத்துறாங்கன்னு பாத்துடறேன்!"

பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகளைப் போல, நிலம் போதாமல் பயணிகளையே அவர்கள் பங்கு போடத் தொடங்கினார்கள்.

"மேடம், நாங்க ஒரே குடும்பம் மேடம்!" என்று பதறினான் மாமா.

அண்டை நாட்டு அதிகாரி அவன் தோள்மேல் உரிமையோடு கைபோட்டார். "பயப்படாதீங்க அண்ணே. இந்தம்மா பண்ற அட்டூழியத்தைக் கண்ணால பார்த்த சாட்சி நீங்க. உள்ள வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்பறேன். உங்க பொண்ணுங்களுக்கு முத்திரை என் பொறுப்பு."

சாட்சி என்ற சொல்லில் மாமாவின் மார்பு சற்றே விரிந்தது. தங்கையின் மணிக்கட்டை விட்டான்.

பெண் அதிகாரியின் அறைக் கதவு தாழிடப்பட்டது. ஒற்றைச் சுவருக்கு அப்பால் அண்டை நாட்டு அதிகாரியின் வசைமாரி பொழிந்துகொண்டே இருந்தது. "கேளுங்க அண்ணே! போன வாரம் என்ன பண்ணாங்க தெரியுமா இந்தம்மா?"

"மேடம்..." தேங்கிய வெள்ளம் கரை உடைத்தது. "அவரு எங்க மாமாவே இல்ல மேடம்."

தையற்கடை, பேருந்து, பேரம், பூட்டிய வீடு என யாவற்றையும் சொன்னாள். சிவந்து கன்றியிருந்த தங்கையின் மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடியே அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆனா அவரு கோட்டைத் தாண்டிட்டாரே மேடம்! அப்படியே போயிடுவாரே! உங்க பேச்சை அந்த சார் எங்க கேக்கப் போறாரு?"

அதிகாரி எழுந்தாள். விரலை மடக்கிச் சுவரில் இருமுறை தட்டினாள்.

வசைமாரி சட்டென்று ஓய்ந்தது. அப்பால் ஏதோ உருண்டு விழும் ஓசை. "சார்! என்ன சார் இது? நான் சாட்சி சார்!" என்று மாமாவின் அலறல். அதன்மேல் இரும்பு பூட்டிக்கொள்ளும் ஒலி.

கதவைத் திறந்தபோது, சகோதரியரின் பாஸ்போர்ட்டுகளைக் கையில் ஏந்தி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி அண்டை நாட்டு அதிகாரி வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஆளைப் பூட்டியாச்சுக்கா. அடுத்த பஸ் வந்துக்கிட்டிருக்கு. இந்தத் தடவை சண்டையை நான் ஆரம்பிக்கவா, நீங்க ஆரம்பிக்கிறீங்களா?"