செலவில்லாத பொழுதுபோக்கு

"இன்னைக்கும் எடுத்துட்டாங்க!" என்றபடி சமையலறைக்குள் வந்தேன்.

"யாரு, எதை?" என் கணவர் லோரென்ஸ் காப்பியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த டென்மார்க் அம்மாதான். கிர்ஸ்டன். ரெண்டு துண்டு ரொட்டி, நடுவுல என் சீஸ். துணியில சுத்தி அப்படியே பைக்குள்ள!"

"பசிக்கும்னு எடுத்திருப்பாங்க."

"மேசை மேல எழுதியே வச்சிருக்கேன். 'இங்கே சாப்பிடலாம், எடுத்துப் போகக் கூடாது'ன்னு."

"உன் கையெழுத்து எனக்கே புரியாது, நோட்புர்கா."

எங்கள் டிரோல் மலையூரில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு வீட்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். காலைச் சாப்பாடு என் பொறுப்பு, ரொட்டியும் நானே சுடுவேன். கிர்ஸ்டனும் அவர் கணவர் ஓவேயும் வந்து இறங்கியதுமே என்னிடம் கேட்டது, "இங்கே செலவில்லாம என்னவெல்லாம் பண்ணலாம்?"

பனிச்சறுக்கு ஊருக்கு வந்து கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் சொன்னேன். உறைந்த குளத்தில் மரக்கட்டையை வழுக்கவிட்டு விளையாடும் பெரிசுகளை வேடிக்கை பார்க்கலாம், கெஞ்சினால் ஒரு ஆட்டம் சேர்த்துக்கொள்வார்கள். மலைமேல் இருக்கும் சின்னக் கோயில் வரை நடந்துபோய் ஜெபம் பண்ணலாம். எங்கள் கொட்டகையில் கிடக்கும் மரச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோகும் லிஃப்ட் போய் நிற்கிற உச்சிவரை ஏறி, அதில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கலாம்.

சறுக்குவண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் ஏற்றம், தினமும் இறக்கம். லிஃப்ட்டுக்கு டிக்கெட் எடுப்பதில்லை. மேலே ஓட்டலில் ஒரு சூப் வாங்கிக் குடிப்பதில்லை. இப்போது மத்தியானச் சாப்பாடும் என் தலையில்.

நான் மட்டும் என்னவாம்? இதே ஊரில் பிறந்தவள். சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்குத் தெரிந்த செலவில்லாத பொழுதுபோக்கு, கதவிடுக்கு வழியாக அடுத்தவர் தட்டைப் பார்ப்பது.

"உனக்கு யார் பேரை வச்சிருக்காங்க? ஏழைங்களுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்த புனித நோட்புர்கா பேரை," என்றார் லோரென்ஸ்.

"அவங்க தன் பங்கைக் கொடுத்தாங்க. இவங்க என் பங்கை எடுத்துட்டுப் போறாங்க!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கிற மனசு இல்லை. எங்கள் மூத்தவன் வெண்டலின் வீட்டுப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிறது. லிஃப்ட் கம்பெனியில் வேலை, ஊர்க்கோடியில் தனி அறை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பூசைக்கு வராதவனுக்கு என் மேசையில சாப்பாடு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வேளைக்குச் சொன்னது. அவன் மொத்தமாக எடுத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணுவான்.

தினமும் விடிந்ததும், சாப்பாட்டு அறை மூலையில் இருக்கிற சிலுவைக்குக் கீழே நின்று எனக்கு ஒரே வேண்டுதல்தான். "ஆண்டவரே, என் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது. யார் மனசிலாவது புகுந்து அவனுக்கு ஒரு வாய் சாப்பாடு கொடுங்க."

அடுத்த நாள் காலை, ஆமென் சொன்ன கையோடு கத்தியை எடுத்தேன். ரொட்டியை மெல்லிசாக வெட்டினேன். சீஸைப் பாதியாக்கினேன். இப்போது எடுத்துப் போகட்டும், பார்க்கலாம்.

எடுத்துத்தான் போனார். ரெண்டுக்கு நாலு துண்டாக.

மறுநாளும் அதே கதை. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பையை மூடும் நேரம் பார்த்து எதிரில் போய் நின்றேன்.

"மத்தியானத்துக்குங்களா?" என்றேன், சர்க்கரையாகச் சிரித்தபடி.

கிர்ஸ்டன் முகம் சிவந்துபோனது. "மன்னிச்சுக்கங்க. முதல் நாள் மட்டும்தான் எங்களுக்குன்னு எடுத்தோம். இப்ப நாங்க தொடறதே இல்லை. ஃப்ளாஸ்க்ல சூப் கொண்டு போறோம்."

"அப்புறம் இது யாருக்கு?"

அவர் ஓவேயைப் பார்த்தார். ஓவே கையிலிருந்த தொப்பியைத் திருகினார். "சொல்லிடு கிர்ஸ்டன். எனக்கு நெஞ்சு உறுத்துது."

"மேலே லிஃப்ட் நிக்கிற இடத்துல ஒருத்தர் வேலை பார்க்கிறாரு. தாடி வச்சிருப்பாரு. முதல் நாள் இவர் பனியில வழுக்கி விழுந்ததும், அவர்தான் தூக்கிட்டுப் போய்த் அங்க லிஃப்ட் அறையில அடுப்புக்குப் பக்கத்துல உட்கார வச்சாரு. பதிலுக்கு நாங்க ஒரு ரொட்டியை நீட்டினோம். ஒரு கடி கடிச்சவரு, திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. 'அடியில ஒரு ஓரம் மட்டும் கருகியிருக்கே. இந்த மலையில ஒரே ஒரு வீட்டு அடுப்புதான் இப்படிக் கருக்கும்'னாரு."

நான் மேசையிலிருந்த ரொட்டியைத் திருப்பி அடியைப் பார்த்தேன்.

"அதுலேர்ந்து தினமும் அவருக்குத்தான் கொண்டு போறோம். மத்தியானம் அந்த இடத்தை விட்டு அவரால நகர முடியாதாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"சாப்பிடறானா?" அவ்வளவுதான் என் வாயில் வந்தது.

"ஒரு துணுக்கு மிச்சம் வைக்கறதில்லை. ஆனா நேத்து பொட்டலத்தைப் பிரிச்சவரு, அப்படியே உட்கார்ந்துட்டாரு."

"ஏன்? என்ன ஆச்சு?"

கிர்ஸ்டன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"'எங்கம்மா யாருக்கும் ரொட்டியை இவ்வளவு மெல்லிசா வெட்ட மாட்டாங்களே... அவங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?'ன்னு கேட்டாரு."