நாற்பத்தேழு பிழைகள்

இரண்டாவது அடியில் நஸீபின் மணிக்கட்டு முறிந்த சத்தம் ஜனார்த்தனனுக்கே கேட்டது. இரும்புக் கம்பியை அவன் மறுபடி ஓங்கினான்.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க? சொல்லு."

"நான் ஒண்டும் எடுக்கல்ல மச்சான்," என்றான் நஸீப், மடவளைக் கடைவாசலில் சுருண்டு கிடந்தபடி.

இருவரும் கண்டியில் ஆறு வருடம் கூட்டாக மென்பொருள் கம்பெனி நடத்தியவர்கள். நஸீப் மென்பொருளை எழுதுவான், ஜனார்த்தனன் வாடிக்கையாளர்களைப் பிடிப்பான். போன மாதம் சண்டை முற்றி நஸீப் விலகினான். பக்கத்து ஊரான மடவளையில், தன் தங்கை கணவன் ஃபாஸிலின் போன் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டான். அன்றே ஒபீஸிலிருந்த நஸீபின் பெயர்ப்பலகையைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினான் ஜனார்த்தனன். ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

இன்று பத்து மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மென்பொருளை ஒப்படைக்க வேண்டும். நஸீபின் இடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த கிருஷாந்தி கம்பளையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஜனார்த்தனனே இயக்கிப் பார்த்தான். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நாற்பத்தேழு பிழைகள், நாற்பத்தேழிலும் ஒரே வரி: 'நஸீப்' என்ற மொடியூல் கிடைக்கவில்லை.

மென்பொருளின் உயிரான பகுதி அது. நஸீப் அந்தக் காலத்தில் விளையாட்டாகத் தன் பெயரையே அதற்கு வைத்திருந்தான். நேற்றுவரை ஒழுங்காக ஓடியது. எப்படியோ உள்ளே புகுந்து தூக்கிவிட்டான் என்று ஜனார்த்தனன் முடிவுகட்டினான். யாரையும் கேட்கவில்லை, காரை எடுத்தான்.

மூன்றாவது அடி விழுமுன் ஃபாஸில் பாய்ந்து வந்து அவன் வாயில் குத்தினான். பக்கத்துக் கடைக்காரர்களும் ஓடிவந்து அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். ஒரு பல் தெறித்தது. முறிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி, போதும் விடுங்கள் என்று நஸீப்தான் கெஞ்சினான்.

அப்போது ஜனார்த்தனனின் சட்டைப்பையில் போன் அடித்தது. ஃபாஸில் அதைப் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

"சேர், நான் கிருஷாந்தி. இப்பதான் ஒபீஸுக்கு வந்து பிழைகளைப் பார்த்தேன். பயப்படாதீங்க, சரி பண்ணிட்டேன். நஸீப்ங்கிற மொடியூல் அப்படியேதான் இருக்கு, நேத்து நான் பேரை மட்டும் மாத்தினேன். அதைக் கூப்பிடுற நாற்பத்தேழு இடங்கள்லயும் பழைய பேரை மாத்த மறந்துட்டேன்."

இரத்தத்தைத் துப்பிவிட்டு, யார் மாற்றச் சொன்னது என்று கேட்டான் ஜனார்த்தனன்.

"நீங்கதானே சேர், அவரு பேரு இந்த ஒபீஸ்ல எங்கயுமே இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."